எந்த நூறு பேர், சித்தப்பா?

சனிக்கிழமை எங்கள் வீட்டில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. "நூத்துக்கு இத்தனை பேர்தான் அஞ்சு வருஷம் தாண்டுறாங்களாம்" என்று அம்மாவின் புற்றுநோயைப் பற்றிப் போனைப் பார்த்துப் படித்த சித்தப்பாவிடம் ஒரே கேள்வி: எந்த நூறு பேர்?

எண்பது வயதுக்காரர்களும் அதில் உண்டா? நோய் பரவிய பிறகு வந்தவர்கள்? பழைய மருந்து சாப்பிட்டவர்கள்? அம்மாவுக்கு 54. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தாகிவிட்டது. எந்த நூறு பேர்?

ஹார்வர்டில் தொல்லுயிரியல் பேராசிரியர் ஸ்டீபன் ஜே கூல்ட். 1982-இல் அவருக்கு வயிற்றில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய். பாதிப் பேர் 8 மாதத்துக்குள் போய்விடுவார்கள் என்று படித்தார். சரி, மீதிப் பாதி? அதில் சிலர் வருஷக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். வயது 40, சீக்கிரம் தெரிந்துவிட்டது, நல்ல சிகிச்சை, அப்படியானால் தனக்கு அந்த மீதிப் பாதியில்தான் வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டார். 20 வருஷம் இருந்தார். 2002-இல் இறந்ததும் வேறொரு புற்றுநோயால்.

"பிழைத்த ஒருத்தரைக் காட்டினால் ஆச்சா?" ஆகாதுதான். நான் காட்டுவது அவர் கேட்ட கேள்வியை. "பிடித்த கூட்டத்தில் சேர்த்து மனசைத் தேற்றிக்கொள்கிறாய்" என்பீர்கள், அது கொஞ்சம் உறுத்துகிறது. கணக்குப் புத்தகத்தில் வட்டங்களாக வருவாரே, அந்த ஜான் வென் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதில் முட்டிக்கொண்டார். மடெய்ரா தீவில் தங்கினால் ஆங்கிலேயரில் பத்துக்கு ஒன்பது பேருக்குக் கெடுதல், காசநோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு நல்லது என்று வைத்துக்கொண்டால், காசநோய் வந்த ஆங்கிலேயரை அனுப்புவதா வேண்டாமா? குறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் அம்மா ஒருத்திதான் மிஞ்சுவாள், ஒருத்தியை வைத்து சதவீதம் போட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஊரில் இருக்கிற எல்லோரோடும் சேர்த்துக் கட்டிவிடுவதா?

இதே சித்தப்பா போன வருஷம் வீட்டுக் கடனுக்கு அலைந்தபோது, "உங்க ஏரியாவுல நிறைய பேர் தவணை கட்டுறதில்ல" என்றார் மேனேஜர். "அவனுங்கள வெச்சு என்னை எடை போடுவியா, என் சிபில் ஸ்கோரைப் பாருய்யா" என்று அங்கே குதித்தது யாராம்? கடனுக்கு ஒரு நியாயம், என் அம்மாவுக்கு ஒரு நியாயம்.

"நல்ல எண்ணத்துலதான்டா சொன்னார்" என்று அத்தை போன் செய்தார். இருக்கட்டும். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சித்தப்பா படித்ததும் கத்தி நின்றது. அப்புறம் மறுபடி நறுக்கினாள், காம்பைக் கிள்ளாமலே. நான் பார்த்தேன். அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அடுத்த கீமோ. பார்க்க வருகிறவர்கள் வியாழனுக்கு மேல், நாலு மணிக்கு அப்புறம் வாருங்கள். ஆப்பிள் வேண்டாம், போன வாரம் வந்ததே ஃபிரிட்ஜில் கிடக்கிறது. செருப்போடு போனையும் வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.