புதிய துவக்கு ஒரு நாள் ஒட்டி அடிக்கிறது, மறுநாள் சிதறி அடிக்கிறது

கடந்த வசந்தகாலத்தில் ஒரு புதிய போல்ற் அக்ஷன் றைபிள் (ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்து ரவை ஏற்றும் துவக்கு) வாங்கினேன். .308 வின்செஸ்ரர் ரவை, மெல்லிய குழல், அதைத் தாங்கித் தோளில் அணையும் பிளாஸ்ரிக் கட்டை. நவம்பர் மான் வேட்டைக்கு ஒன்ராறியோவில் பலர் தூக்கிச் செல்லும் வகையான, ஆடம்பரமற்ற ஆயுதம். எந்த நிறுவனத்தினுடையது என்று எழுதப்போவதில்லை. கீழே சொல்லப்போகும் கோளாறு எந்தப் பெயர் பொறித்த துவக்கிலும் வரக்கூடியதுதான். முதல் நாள் 100 மீற்றரில் மூன்று வெடி வைத்தேன். மூன்று துளைகளும் 20 மில்லிமீற்றருக்குள் அடங்கின. மறுவாரம் அதே ரவை, அதே மேசை, அதே மண்மூட்டை, மிகத் தள்ளி விழுந்த இரு துளைகளின் இடைவெளி 75 மில்லிமீற்றர். அதற்கடுத்த வாரம் 35, பிறகு 80, மறுபடி 25.

சுடுதளத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். குழலைப் பழக்க வேண்டும், ஒவ்வொரு வெடிக்கும் பின் துலக்க வேண்டும் என்றார் ஒருவர். துலக்கவே கூடாது என்றார் அடுத்த மேசைக்காரர். ரவையை மாற்று, ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) மாற்று, குழலையே மாற்று என்றவர்களும் உண்டு. நானும் நாடி பார்க்காமல் மருந்து குடித்தவன்தான்: ஒரே சனிக்கிழமையில் ரவையை மாற்றி, ஸ்கோப் வளையங்களை மாற்றி, குழலையும் துலக்கினேன். 22 மில்லிமீற்றர் வந்தது. எது வேலை செய்தது என்று தெரியாமலே நோய் தீர்ந்துவிட்டதாக வீட்டுக்குப் போனேன். அடுத்த சனிக்கிழமை 70.

அதற்குப் பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டிய கணக்கைச் செய்தேன். மூன்று வெடிகளை வைத்து ஒரு றைபிளைத் தீர்ப்பிடுவது எங்கள் எல்லோருக்கும் பிடித்த பழக்கம். ரவையின் விலையும் அதற்கு ஒரு காரணம். ஆனால் சிதறல் இயல்பான பரம்பலைப் பின்பற்றுவதாகக் கொண்டால், மூன்று வெடிகளில் சராசரி 29 மில்லிமீற்றர், அதாவது 100 மீற்றரில் ஒரு எம்.ஓ.ஏ. (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான கோணம்) அடிக்கும் றைபிள், ஐந்து வெடிகளில் சராசரி 37 மில்லிமீற்றரும் பத்து வெடிகளில் சராசரி 46 மில்லிமீற்றரும் அடிக்கும். துவக்கில் எதுவும் மாறவில்லை. அது உண்மையில் எவ்வளவு அகலமாகச் சிதறுகிறது என்பதைக் காட்டப் போதிய வாய்ப்புக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். அதே துவக்கின் மூன்று வெடிக் குரூப்புகள் (ஒரே குறிக்கு வைத்த வெடிகளின் துளைக்கூட்டங்கள்) ஒரு தடவை 15 ஆகவும் மறுதடவை 45 ஆகவும் விழுவதில் அதிசயம் எதுவுமில்லை. ஆகவே என் 20, 25, 35 ஆகியவற்றுக்கிடையே நான் வாரக்கணக்காகத் தேடிய வேறுபாடு துவக்கில் இருக்கவேயில்லை. 75, 80 என்பவைதான் உண்மையான கோளாறு.

ஒரே தொகுதி எண் கொண்ட ரவைப் பெட்டி ஒன்றை எடுத்து, வெடிக்கு வெடி இரண்டு நிமிடம் விட்டு, பத்து வெடிகள் வைத்தேன். ஒவ்வொரு துளையும் எத்தனையாவது வெடி என்பதை இன்னொரு தாளில் இலக்கமிட்டுக் குறித்துக்கொண்டேன். மொத்த இடைவெளி 85 மில்லிமீற்றர். ஆனால் அந்த எண்ணைவிடத் தாளின் தோற்றமே கூடுதலாகப் பேசியது: துளைகள் பரந்து சிதறியிருக்கவில்லை, இரண்டு கொத்துகளாகக் கிடந்தன. முதல் நான்கும் ஒரு கொத்தில், ஐந்து முதல் ஏழு வரை மற்றதில், எட்டாவது மீண்டும் முதற்கொத்தில். மெல்லிய குழல் சூடேறி வளைந்திருந்தால் துளைகள் ஒரே திசையில் படிப்படியாக நகர்ந்திருக்கும். இப்படிப் போய்த் திரும்பியிருக்காது. ரவைக்கு ரவை வேகம் மாறியிருந்தால் பெரும்பாலும் மேலும் கீழுமாக நீண்டிருக்கும். துளைகள் வட்டமாகவே இருந்ததால், குண்டைச் சுழலவைக்கும் குழலின் உள்முறுக்கு குண்டின் நீளத்துக்குப் போதவில்லை என்ற சந்தேகமும் விலகியது. (12 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குள்ள .223 குழலில் 77 கிரெயின் எடையுள்ள நீண்ட குண்டைப் போட்டுவிட்டு, தாளில் நீளவாக்கில் கிழிந்த துளைகளைப் பார்த்து ஸ்கோப்பைத் திட்டிய ஒருவரை எனக்குத் தெரியும்.) இரண்டு கொத்துகள் என்றால், ஏதோ ஒன்று இரண்டு இடங்களில் மாறி மாறி அமர்கிறது என்பதே பொருள். அது ஸ்கோப்பாக இருக்கலாம், அல்லது கட்டைக்குள் இருக்கும், குழல் பூட்டிய உலோக உடலாக இருக்கலாம்.

இந்த இடத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதற்குப் பொறுமை வேண்டும். பழைய வேட்டைத் துவக்கில் ஆண்டுக்கணக்காகப் பிசகாத ஸ்கோப்பைக் கழற்றி இதில் பூட்டினேன். வளையத் திருகுகளை விசை காட்டும் சாவியால் ஏறக்குறைய 2 நியூற்றன் மீற்றர் அளவுக்கு மட்டும் இறுக்கினேன். வேறெதையும் தொடவில்லை. மறுபடி பத்து வெடி, மறுபடி இரண்டு கொத்து. புதிய ஸ்கோப் குற்றமற்றது என்றாகியது. இளைய நண்பர் ஒருவரைச் சுடச் சொன்னேன். அவர் என்னைவிடக் கை நிதானமானவர். அவருக்கும் இரண்டு கொத்து. ஆகவே நானும் குற்றமற்றவன் என்பதில் ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

வீட்டில், ரவை இல்லை என்பதை இருமுறை பார்த்து, போல்ற்றை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கட்டையைக் கழற்றினேன். (பிளாஸ்ரிக்காக இருந்தாலும் கட்டை என்றே சொல்லிப் பழகிவிட்டது.) ரவைகள் அடுக்கும், தகட்டாலான மகசின் பெட்டியின் மேல் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் உராய்ந்து பளபளத்தது. பெட்டி ஒரு மயிரிழை உயரம் கூடியதாக இருந்ததால், உலோக உடல் கட்டையில் அமராமல் பெட்டியின் மேல் ஏறி நின்றிருக்கிறது. உடலைக் கட்டையோடு பூட்டும் திருகுகளை முறுக்கும்போது கைக்கு இறுக்கமாகவே தெரியும். உண்மையில் அவை கட்டையையல்ல, அந்தப் பெட்டியையே நசுக்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வெடியின் உதைப்பிலும் உடல் சற்று நகர்ந்து, இரண்டில் ஒரு நிலையில் போய் நின்றது. திருகுகளை இறுக்கிய பின்னும் மகசின் பெட்டியை விரலால் சற்றே அசைக்க முடிய வேண்டும் என்பதைக் கடையிலும் சொல்லவில்லை, கையேட்டிலும் எழுதவில்லை. விளிம்பை அரத்தால் ஒரு தாளின் தடிப்பளவு இழைத்தேன், அது அசைந்தது, பிறகு திருகுகளைக் கையேடு கொடுத்த அளவுக்கு இறுக்கினேன்.

கட்டையும் உலோகமும் பொருந்தும் இந்த விடயம் புதியதல்ல. ரொறன்ரோவுக்கு மேற்கே லோங் பிரான்ச் ஆலையில் 1941 முதல் செய்யப்பட்ட லீ என்ஃபீல்ட் நான்காம் இலக்க றைபிள்கள், பின்னர் வடபகுதியைக் கண்காணிக்கும் கனேடியப் படைப்பிரிவான றேஞ்சர்களின் கைகளில் பல தசாப்தங்கள் இருந்தன. 2018 முதல்தான் சி-19 என்ற புதிய றைபிள் அவற்றின் இடத்துக்கு வந்தது. அந்தப் பழைய றைபிள்களின் முன்கட்டை குழலை முனையருகே குறிப்பிட்ட அழுத்தத்தில் தாங்க வேண்டும், பின்பகுதி உலோக உடலோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். ஈரத்தில் மரம் ஊதினாலோ வறட்சியில் சுருங்கினாலோ குறி மாறும். படை ஆயுதப் பழுதாளர்கள் குழலைவிட மரத்தோடுதான் அதிகம் மல்லுக்கட்டினார்கள். பிளாஸ்ரிக் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது என்று நம்பிவிட்டோம். என் பிளாஸ்ரிக் கட்டையின் முன்பகுதி, முன்னால் பூட்டியிருந்த இருகால் தாங்கியில் பாரத்தை அழுத்தினால் வளைந்து குழலைத் தொட்டது. சும்மா இருக்கும்போது இடையில் தாள் தாராளமாக ஓடும். தோளால் முன்னே தள்ளினால் தாள் சிக்கும். தாங்கியைக் கழற்றி, மண்மூட்டையை மகசினுக்கு அருகே வைத்ததோடு அதுவும் சரியாகியது.

அதன் பின் வைத்த மூன்று பத்து வெடிக் குரூப்புகள் 44, 49, 41 மில்லிமீற்றர். விளம்பரம் ஒரு எம்.ஓ.ஏ. உத்தரவாதம் என்கிறது, சிறிய எழுத்தில் மூன்று வெடி, உயர்தர ரவை என்றும் சொல்கிறது. மேலே சொன்ன கணக்கின்படி என் துவக்கு அந்த உத்தரவாதத்தை ஏறக்குறைய நிறைவேற்றுகிறது, அதனால் சண்டைபிடிக்க எனக்கு வழியில்லை. ஆனால் அந்த வாசகம் செய்யும் தீங்கு வேறு: இந்தத் துவக்கை வாங்கிய ஒருவர் 45 மில்லிமீற்றரைப் பார்த்துவிட்டுப் பழுது என்று நினைத்துக் காசைக் கொட்டுவார், பழுதுள்ள துவக்கை வாங்கிய இன்னொருவர் அதிர்ஷ்டத்தால் விழுந்த ஒரு 20 மில்லிமீற்றர்த் தாளைப் பணப்பையில் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போவார். மானின் நெஞ்சுப்பகுதி ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் அகலம். இந்தத் தூரத்தில் 45 மில்லிமீற்றர் தாராளம். எங்கே போகும் என்று தெரியாத இரண்டாவது கொத்துதான் காயப்பட்ட விலங்கை இருட்டும்வரை தேட வைக்கும்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. காட்டில் கிடைப்பது குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் வெடி மட்டுமே. பத்து வெடிக் குரூப் அதைப்பற்றி எதுவும் சொல்வதில்லை. எனவே ஒவ்வொரு சனிக்கிழமையும் சுடுதளத்துக்குப் போனதும் அந்த முதல் வெடியை ஒரே தாளில் வைத்து, தாளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். இதுவரை ஆறு துளைகள். ஐந்து ஒட்டி நிற்கின்றன. குழலுக்குள் எண்ணெயைத் துடைக்க மறந்த நாளில் வைத்த ஒன்று மட்டும் 30 மில்லிமீற்றர் மேலே நிற்கிறது. இன்னும் நான்கு சனிக்கிழமைகள் இருக்கின்றன.