முதல் இரண்டு வருடம் ஏமாற்றும்

ரஷ்யாவில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் சொல்லித்தருவதால் மொழி பெரிய பிரச்சினையே இல்லை என்று, அங்கே போய்ப் படிப்பது பற்றிய ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். முதல் இரண்டு வருடத்துக்கு அது சரிதான். உடற்கூறியல் பெயர்கள் எல்லாம் லத்தீன், எந்த நாட்டிலும் ஒன்றே. மூன்றாம் வருடவாக்கில் வார்டுக்குள் போகும்போதுதான் விஷயம் தெரியும். நோயாளிப் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. வலி எரிகிறதா, குத்துகிறதா, சாப்பிட்ட பிறகு கூடுகிறதா என்று ரஷ்ய மொழியில் கேட்கத் தெரியாவிட்டால் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கேஸ் ஷீட்டில் டாக்டரின் ரஷ்யக் கையெழுத்து வேறு! என் அண்ணன் மகன் அங்கேதான் படிக்கிறான். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறினான்.

வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் டாக்டராக வேண்டுமானால், தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி 54 மாதப் படிப்பும் 12 மாதப் பயிற்சியும் அங்கேயே, ஆங்கில வழியில் முடிக்க வேண்டும். அப்புறம் இங்கே எஃப்எம்ஜிஇ என்ற, வெளிநாட்டில் மருத்துவம் முடித்தவர்களுக்கான தகுதித் தேர்வு, 300க்கு 150 எடுக்க வேண்டும். அதில் பாதிக்கு மேற்பட்ட கேள்விகள் வார்டில் கற்பதை ஒட்டியவை. ஏஜென்ட்கள் விடுதியில் இந்தியச் சாப்பாடு கிடைக்கும் என்பதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். பெற்றோர்களே, மொழி வகுப்பு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.