டைகர்ஸ் நெஸ்ட்டுக்கு கேமரா கொண்டு போகலாம்

பூடான்ல டைகர்ஸ் நெஸ்ட்ங்கற மலை மேல இருக்கற புத்த மடத்துக்கு ஏறும்போது கேமராவே அனுமதி இல்ல, ஹோட்டல்லயே வச்சிட்டு போயிடுங்கன்னு மேல ஒருத்தர் கமெண்ட் போட்டிருக்காரு, அதுக்கு கீழ நாலஞ்சு பேரு "நல்லவேளை சொன்னீங்க"ன்னு வேற போட்டிருக்காங்க. அது பாதிதான் சரிங்க. தடை இருக்கறது மடத்துக்கு உள்ள மட்டும்தான். வாசல்ல செக்கிங் இருக்கும், அங்க கேமரா, போன், பை எல்லாத்தையும் லாக்கர்ல வச்சிட்டுத்தான் உள்ள விடுவாங்க, அது கண்டிப்பு. ஆனா பாரோ பள்ளத்தாக்குல இருந்து ஏறுற பாதை முழுக்க தாராளமா எடுக்கலாம்.

நம்பலன்னா டைகர்ஸ் நெஸ்ட்னு தேடி வர்ற எந்த போட்டோவையும் நல்லா பாருங்க. பாறை விளிம்புல வெள்ளைச் சுவர், மேல தங்க நிறக் கூரை, கீழ அதல பாதாளம், இதெல்லாம் ஒரே பிரேம்ல வருதுன்னா எடுத்தவரு எதிர்ப்பக்கம் நின்னுதான் எடுத்திருக்கணும். அந்த வியூ பாயின்ட் பாதையிலயே வரும், அதுக்கப்புறம்தான் படியில இறங்கி அருவிப் பாலத்தைத் தாண்டி திரும்ப ஏறி மடத்துக்குப் போறது. கூகுள் மேப்ஸ்ல அந்த இடத்துக்கு ஜனங்க போட்டிருக்கற படங்களையும் பாருங்க, வெளிய எடுத்தது கொட்டிக் கிடக்கும். இல்லன்னா புக் பண்ணின டூர் ஆபரேட்டருக்கே ஒரு மெசேஜ் போட்டு கேட்டுக்கங்க.

3,000 மீட்டருக்கு மேல மூச்சு வாங்க ஏறிட்டு கையில கேமரா இல்லாம நிக்கறது ரொம்ப வருத்தமா இருக்கும், அதனாலதான் சொல்றேன். முடிஞ்சா அண்ணன் அந்த கமெண்டை எடிட் பண்ணிடுங்க.