ஜூலை 9: பதாகையில் இடம் இல்லை

ஜூலை 9 வந்தால் எங்கள் சபையில் வேன் பிடித்துவிடுவார்கள். 1706-ல் அந்த நாளில்தான் ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார்கள். இந்த ஆண்டு நானும் போனேன். கடற்கரை நினைவுச்சின்னத்தில் ஜெபம், கோட்டையில் படம், ஆலயத்தில் உரை, ஒரு மணிக்குக் காரைக்காலில் சாப்பாடு. முந்நூறு ஆண்டு வரலாற்றை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டோம். பிரியாணி ஆறிவிடும் என்று ஓட்டுநர் மூன்று முறை ஹார்ன் அடித்தார்.

டான்ஸ்போர்க் கோட்டை 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டியது. மிளகு வாங்க வந்த கூட்டம் அது. வேதம் சொல்ல வந்ததல்ல. 1845-ல் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் வாலிபப் பிள்ளைகள் மதிலில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இதே கோட்டையில்தான் டேனிஷ் தளபதி சீகன்பால்கை நான்கு மாதம் அடைத்து வைத்திருந்தார். அனுப்பி வைத்தது டென்மார்க் அரசர். சிறையில் போட்டது அதே நாட்டு வணிகக் கம்பெனியின் அதிகாரி. அதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் படத்துக்கு இன்னொரு கோணம் கிடைத்திருக்கும்.

ஆலயத்தில் பேசியவர் குரலை உயர்த்தி, “தமிழில் முதல் புத்தகம் அச்சானது இந்த ஊரில்தான்” என்றார். கை தட்டினோம். நானும் தட்டினேன், பழக்கதோஷம். உண்மை வேறு. 1578-லேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர் போர்த்துக்கீசிய இயேசு சபைப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார். தரங்கம்பாடி அச்சகம் தந்தது தமிழின் முதல் புதிய ஏற்பாடு, 1714–15-ல். அதுவே போதாதா? ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கவே, இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். இத்தனை இருக்க, இல்லாத முதலிடம் எதற்கு என்று யோசித்தேன். “நீங்கள் வெளிநாட்டு மதம்தானே” என்று யாரோ கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான். அதற்காக நன்கொடைப் பட்டியலை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிறோம்: அச்சு கொடுத்தோம், பள்ளி கொடுத்தோம், அகராதி கொடுத்தோம். சொந்த வீட்டில் குடியிருப்பவன் வாடகை ரசீதைக் காட்டிக்கொண்டா திரிவான்?

கொடுத்ததைப் பேசும் நாம், சீகன்பால்க் வாங்கிக்கொண்டதைப் பேசுவதே இல்லை.

கரையேறியபோது அவருக்கு 23 வயது. தமிழில் ஒரு எழுத்து தெரியாது. ஊரில் திண்ணைப் பள்ளி நடத்திய வயதான வாத்தியார் ஒருவரைப் பிடித்து, பள்ளியையே தம் வீட்டுக்கு வரவழைத்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். அதைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள். ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்த பாதிரியார், அங்கியை ஒதுக்கிவிட்டுச் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுதிய ‘அ’வின் சுழி எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்று பக்கத்தில் இருக்கும் சிறுவனுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. டேனிஷ் கம்பெனியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பனும் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். அந்த வாத்தியாரும் அழகப்பனும் இல்லாமல் அந்தப் புதிய ஏற்பாடு இல்லை. முன்னூறாவது ஆண்டு விழா மலரைப் புரட்டிப் பார்த்தேன். கப்பல் இருக்கிறது, அரசர் இருக்கிறார், அச்சு இயந்திரம் இருக்கிறது. மணல் இல்லை.

கற்றுக்கொண்டதன் கனியாக 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை: அஞ்ஞானத்தை ஒழிக்கத்தானே அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்பவா? நூல் 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது. எழுதியவர் 1719-லேயே 36 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்; 1718-ல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில், பலிபீடத்துக்கு முன்னால் கிடக்கிறார். அந்தக் கல்லைச் சுற்றித்தான் நாங்கள் நின்றோம். “தீர்க்கதரிசிகளின் கல்லறைகளைக் கட்டி, நீதிமான்களின் சமாதிகளைச் சிங்காரித்து” என்று மத்தேயு 23-ல் இயேசு வரிசையாகச் சாடுவார். மாலையோடு நின்ற என் நினைவுக்கு அந்த வசனம்தான் வந்தது. சங்கடமாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. 1707 மே மாதம் ஞானஸ்நானம் பெற்ற முதல் ஐந்து பேர், டேனிஷ்காரர் வீடுகளில் இருந்த அடிமைகள். நம் சபையின் முதல் கொத்து அவர்கள்தான். அவர்களில் தொடங்கிய சபையில் பிறகு சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்தோம். 1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் அந்த வேறுபாட்டை விடச் சொன்னபோது, பலர் சபையை விட்டே எழுந்து போனார்கள். ஆண்டு விழா உரைகள் 1719-லிருந்து நேராக இந்த ஆண்டுக்குத் தாவிவிடுவது ஏன் என்று இப்போது புரிகிறது.

வேன் கிளம்புமுன் கரைப்பக்கம் தனியாக நடந்தேன். 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அங்கே இருக்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 1707-ல் கட்டிய முதல் எருசலேம் ஆலயமும் கடலுக்குத்தான் போயிற்று. எங்கள் பயணத் திட்டத்தில் அந்தக் கோயில் இல்லை. தெய்வங்களைப் பற்றி ஊர் ஊராகக் கேட்டு எழுதியவரின் நினைவு நாளில், நூறு அடி தள்ளி நின்று பார்க்கக்கூட நமக்கு நேரமில்லை.

ஊர் திரும்பியதும் விழாக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அடுத்த ஆண்டுப் பதாகையில் சீகன்பால்கின் பெயருக்குக் கீழே ‘அழகப்பன்’ என்று ஒரே ஒரு சொல், சிறிய எழுத்திலாவது. பதில் உடனே வந்தது. யோசனை நன்றாக இருக்கிறதாம்; ஆனால் கீழ்ப்பகுதி முழுவதும் நன்கொடையாளர்களின் படங்களாம்.