'பிங் பாங்' கோடுகள் கோணலாக இருப்பதற்குக் காரணம் பணமில்லாமை அல்ல

"காசு இல்லாமல் அவசரத்தில் கிறுக்கிய அனிமே, அதான் முகமெல்லாம் கோணல்" என்று 'பிங் பாங்' என்ற ஜப்பானிய டேபிள் டென்னிஸ் அனிமேஷன் தொடரைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. அந்தக் கோணல் கோடு டையோ மட்சுமோட்டோவினுடையது. தொடருக்கு மூலமான, 1996-97இல் வந்த அவருடைய மாங்காவிலேயே (ஜப்பானியக் காமிக்ஸ்) முகங்கள் இப்படித்தான். 2014இல் இயக்குநர் மசாக்கி யுவாசா அதை வழுவழுப்பாக்காமல் அப்படியே அசைய வைத்தார். ஆட்டத்தின் நடுவே திரை கட்டம் கட்டமாகப் பிரிவதும் மாங்கா பக்கத்தை நினைவூட்டத்தான்.

"வெறும் ஜெயிக்கிற கதை" என்று அவர் சொல்வதையும் ஏற்க முடியாது. சீனாவிலிருந்து வரும் கோங் வெங்கேயைப் பாருங்கள். வெளியே நின்று பந்துச் சத்தத்தைக் கேட்டே, உள்ளே ஆடுகிறவன் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறான் என்று பிடித்துவிடுவான். கதாநாயகன் பெக்கோவை ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் தோற்கடிப்பான். வேறு தொடரில் அவன் வில்லனாகவே முடிந்திருப்பான். இங்கே ஊரில் அணியிலிருந்து கழற்றிவிடப்பட்ட அவமானத்தோடு வந்தவன், மெல்ல மெல்ல ஜப்பானியப் பையன்களோடு ஒட்டிக்கொள்கிறான். அவன் தோற்கும்போது எனக்கு உண்மையிலேயே வலித்தது. மொத்தமே 11 எபிசோட்தான். முதல் எபிசோடின் ஓவியத்தைப் பார்த்து மூடிவிடாதீர்கள், அப்புறம் ஆறாவது வரைக்குமாவது போங்கள்.