முதலிடம் வந்தது சரி, சபையை யார் நடத்துறது?

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் முடிந்த இரவு தொடங்கி ஒரு கிழமைக்கு என் முகநூல் முழுக்க ஓடியது ஒரே வரைபடம். சபைக்குச் சபை நிறம் பூசிய இலங்கைப் படம். தெற்கு முழுக்கத் திசைகாட்டி (ஆளும் தேசிய மக்கள் சக்தி), வடக்கிலும் மட்டக்களப்பிலும் பெரும்பாலும் வீடு (தமிழரசுக் கட்சி), இடைக்கிடை டெலிபோனும் (சஜித் அணி) முஸ்லிம் கட்சிகளின் மரமும் மயிலும். அந்த ஒரே படத்தைப் போட்டு இரண்டு பக்கமும் வெடி கொளுத்தினார்கள். "மக்கள் ஆணை அசையவில்லை" என்று அங்கே. "தமிழ்த் தேசியம் எழுந்து நிற்கிறது" என்று இங்கே. இப்போது ஜூன் முடிகிறது. சபைகள் கூடிவிட்டன, தவிசாளர்கள் கதிரையில் ஏறிவிட்டார்கள். அந்தப் படத்தை இப்போது யாரும் பகிர்வதில்லை. பகிர்ந்தால், நிறத்துக்கும் கதிரையில் இருப்பவரைத் தாங்கி நிற்கும் கைகளுக்கும் ஏன் பொருந்தவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

நாடளாவிய கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு 61.56 வீதம். மே 6-இல் 43.26. வாக்காகப் பார்த்தால் 68 இலட்சத்துக்கு மேல் இருந்தது 45 இலட்சத்தில் வந்து நின்றது. ஆறு மாதத்துக்குள் 23 இலட்சம் வாக்கு எங்கே போனது? டெலிபோனுக்குப் போனது கொஞ்சம்தான். சஜித் அணி 17.66-இலிருந்து 21.69-க்கு ஏறியது, அவ்வளவே. ராஜபக்சக்களின் மொட்டு 3.14-இலிருந்து ஒன்பதுக்கு மேல் போனதைப் பார்த்து ராஜபக்ச வருகிறார் என்று பயம் காட்டியவர்களும் உண்டு. என் ஊகம், போன வாக்கில் ஒரு பகுதி வெளியே வராமலே படுத்துவிட்டது. நவம்பரில் வரிசையில் நின்ற சிலர் மே மாதம் வரவில்லை. அதேநேரம், 2018 உள்ளூராட்சித் தேர்தலில் திசைகாட்டியின் தாய்க் கட்சியான ஜே.வி.பி.க்கு நாடு முழுக்க 434 உறுப்பினர். இம்முறை திசைகாட்டிக்கு 3,927. தேர்தல் நடந்த 339 சபைகளில் 260-க்கும் மேலானவற்றில் முதலிடம். இதைத் தோல்வி என்று சொல்பவர்களுக்கு வேறு ஏதோ கவலை இருக்கிறது.

எனக்கு இதில் முக்கியம் வீதம் இல்லை. இந்தத் தேர்தலில் வாக்கு எப்படி விழுகிறது என்பதுதான்.

பாராளுமன்றத்துக்குக் கட்சிக்கும் மூன்று விருப்பு இலக்கத்துக்கும் போடுகிறோம். வேட்பாளரை நேரில் காணாமலே போடலாம். வட்டாரத் தேர்தல் அப்படி இல்லை. ஒரு வட்டாரம் என்றால் நாலைந்து ஒழுங்கை, ஒரு கோயில், ஒரு சனசமூக நிலையம். நிற்கிறவனின் தகப்பனைத் தெரியும், அவன் வாங்கித் திருப்பிக் கொடுக்காத கடனும் தெரியும். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கும் மாமி நவம்பரில் திசைகாட்டிக்குப் போட்டவர். ஜனாதிபதி அனுரவின் பேச்சு என்றால் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார். மே மாதம் வீட்டுக்குப் போட்டார். கட்சி மாறிவிட்டீர்களா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வந்தது. "நான் ஒரு கட்சியும் மாறேல்லை. நிக்கிறவன் எங்கட ஒழுங்கைப் பொடியன். வெள்ளம் வந்தால் ராவிலயும் கூப்பிடலாம். மற்றப் பிள்ளையை நான் போஸ்டரிலதான் கண்டது."

இந்த மாமியின் வாக்கைத் தமிழ்த் தேசியத்தின் மீள் எழுச்சி என்று கணக்கில் எழுதிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

அதற்காக அரசியல் காரணமே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருந்தது, அதைக் கொழும்பே கையில் எடுத்துக் கொடுத்தது. மார்ச் 28-ஆம் திகதி வந்த காணி வர்த்தமானியை நினைத்துப் பாருங்கள். வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேல்; மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகிவிடும் என்ற கதை. போரில் உறுதி எரிந்தவர், உறுதியோடு கனடா போனவர், செத்தவர் எல்லோருக்கும் மூன்று மாதம். தேர்தலுக்கு ஐந்து கிழமை இருக்கையில் இப்படி ஒன்றை வெளியிட ஒரு அரசாங்கத்துக்குத் தனித் திறமை வேண்டும். கடைசியில் உச்ச நீதிமன்றம் வரை போய் அதைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு ஏப்ரலில் வசாவிளான்–பலாலி வீதியைத் திறந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த வீதி. திறந்தது நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் வாசலில் ஒரு அறிவித்தல் பலகையும் வைத்தார்கள்: காலை ஆறிலிருந்து மாலை ஐந்து வரை மட்டும், நடந்து போகக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. வீதி திறந்த செய்தியைவிட அந்தப் பலகையின் படம்தான் எல்லோருடைய போனிலும் சுற்றியது. போதாததற்கு, மன்னார்க் கூட்டத்தில் ஜனாதிபதி, சபை தங்கள் கையில் இருந்தால் நிதியைத் தயங்காமல் விடலாம், மற்றவர்களின் திட்டம் என்றால் பல தரம் பார்க்க வேண்டும் என்ற கருத்தில் பேசினார். பழைய அமைச்சர்கள் இதையே சொன்னால் "லஞ்சம்" என்று கத்தியிருப்போம். இவர் சொன்னதற்கும் அந்தப் பெயர்தான்.

யாழ்ப்பாண முடிவுக்கு வருவோம். நவம்பரில் யாழ் தேர்தல் மாவட்டத்தில் திசைகாட்டி ஆறில் மூன்று ஆசனம் எடுத்ததும், தமிழர் இனத்தையே கைகழுவிவிட்டார்கள் என்று ஒப்பாரி வைத்தோமே, அதன் வீதம் என்ன? 24.85. நாலு பேரில் ஒருவர். தமிழரசு 19.47. மிச்சமெல்லாம் சைக்கிள் (கஜேந்திரகுமாரின் கட்சி), சங்கு (ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி), வீணை (ஈ.பி.டி.பி.), ஊசி (அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழு) என்று சிதறிக் கிடந்தது. ஆக, நவம்பரில் ஒன்றும் சாகவும் இல்லை, மே மாதம் ஒன்றும் உயிர்த்தெழவும் இல்லை. அதே வாக்குகள் வேறு விதமாகக் கூடிப் பிரிந்தன. கிளிநொச்சியில் மூன்று பிரதேச சபைகளும் வீட்டுக்கு. அது தெளிவான வெற்றி, அதில் கதையே இல்லை. யாழ் மாநகர சபையைப் பாருங்கள். 45 ஆசனத்தில் வீடு 13, சைக்கிள் 12, திசைகாட்டி 10, சங்கு 4, வீணை 4, யானையும் (ஐ.தே.க.) டெலிபோனும் ஒவ்வொன்று. வரைபடத்தில் இது "தமிழரசு வென்ற சபை". மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

இப்படி வருவது தற்செயல் இல்லை. 2017-இல் கொண்டுவந்த கலப்பு முறையின் வேலை இது. 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். வட்டாரத்தில் ஒன்றும் வெல்லாத கட்சிக்கும் மொத்த வாக்கைக் கணக்குப் பார்த்துப் பட்டியலில் இருந்து போனஸ் ஆசனம் கிடைக்கும். வட்டாரத்தில் அள்ளியவருக்குப் போனஸ் இல்லை. விகிதாசாரத்துக்கு மேல் வட்டாரம் வென்றால் சபையே வீங்கும். முன்பு நாலாயிரத்து ஐந்நூறுக்குக் கிட்ட இருந்த உறுப்பினர் தொகை எட்டாயிரத்தைத் தாண்டியது இந்த முறை வந்த பிறகுதான். சில பிரதேச சபைகளில் கூட்ட மண்டபத்துக்குள் கதிரை போட இடமில்லாமல் போனது 2018-இல் எல்லோரும் பார்த்த கூத்து. பாதி ஆசனம் எடுத்த கட்சி தன் தவிசாளரின் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகலாம். எடுக்காத இடத்தில் உள்ளூராட்சி ஆணையாளர் கூட்டம் கூட்டி, கையைத் தூக்கவோ இரகசியமாக எழுதவோ சொல்லி ஆளைத் தெரிய வேண்டும். சமம் என்றால் திருவுளச்சீட்டு.

ஆகவே உண்மையான தேர்தல் மே 6-இல் நடக்கவில்லை, ஜூன் மாதம் நடந்தது. அதில் நமக்கு வாக்கு இல்லை.

ஜூன் மாதத்தில் என்ன நடந்தது என்று தெரியும்தானே. சைக்கிளும் சங்கும் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வைத்தன. தமிழரசின் பதில் தலைவர் சி.வி.கே. சிவஞானம் வீணைக் கட்சித் தலைவர் டக்ளஸ் தேவானந்தாவைப் போய்ச் சந்தித்தார். ஜூன் 13-ஆம் திகதி தமிழரசின் மதிவதனி விவேகானந்தராஜா 19 வாக்கில் மாநகர முதல்வர். 13-உம் 19-உம் இடையில் இருக்கிற ஆறு யார் என்று எண்ணிப் பார்க்கச் சின்னப் பிள்ளையாலும் முடியும். வீணையோடு சேர்ந்ததற்குத் தமிழரசைத் திட்டுகிறவர்களோடு நான் சேரவில்லை. வேறு வழி இல்லை, முறை அப்படி. எனக்குள்ள கோபம் வேறு. ஏப்ரல் மாதம் மேடை மேடையாக "இன அழிப்புக்குத் துணைபோன ஒட்டுக்குழு" என்று பேசி வாக்கு வாங்கிவிட்டு, ஜூனில் அவர்கள் அலுவலகத்துக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தீர்கள். அந்தச் சந்திப்பில் என்ன பேசினீர்கள், எந்த வேலைத்திட்டத்துக்கு உடன்பட்டீர்கள் என்று வாக்குப் போட்டவனுக்கு ஒரு பக்கத்தில் எழுதித் தரக்கூடாதா?

திசைகாட்டிக்காரர் இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கொழும்பு மாநகர சபையில் 117-இல் உங்களுக்கு 48. ஜூன் 16-ஆம் திகதி உங்கள் விராய் கெலீ பல்தசார் 61 வாக்கில் மேயரானார், எதிர்த்து நின்ற ரிஸா சரூக்குக்கு 54. அதுவும் இரகசிய வாக்கெடுப்பில். மிச்சம் 13 கையும் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது? வெளிப்படைத்தன்மை பற்றி நாடு முழுக்க வகுப்பெடுத்த கட்சி, கையைத் தூக்கி வாக்களிக்கச் சொல்லியிருக்கலாம்.

யாருக்கும் பெரும்பான்மை இல்லாத தொங்கு சபை என்றால் பின்னால் என்ன வரும் என்பதை யாழ்ப்பாணத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2018-இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 45-இல் 16. இம்மானுவேல் ஆர்னோல்ட் முதல்வர். பாதீடு (வரவு செலவுத் திட்டம்) இரண்டு தரம் தோற்றால் பதவி போய்விடும் என்பது சட்டம். 2020 டிசம்பரில் தோற்றது. டிசம்பர் 30-இல் புது முதல்வருக்கு நடந்த வாக்கெடுப்பில் எதிர்த்து நின்ற மணிவண்ணன் 21, ஆர்னோல்ட் 20. ஒரே ஒரு வாக்கு. 2022 கடைசியில் மணிவண்ணனின் பாதீடும் தோற்றது, அவர் விலகினார், 2023 ஜனவரியில் திரும்பவும் ஆர்னோல்ட். மார்ச்சில் சபையின் காலமே முடிந்தது. இந்த ஐந்து வருடத்தில் ஒவ்வொரு மார்கழியும் யார் யாரைக் கவிழ்ப்பது என்ற கணக்கில்தான் கழிந்தது. மழை வெள்ளம் மட்டும் ஒழுங்காக வந்து போனது.

பிறகு இரண்டு வருடம் செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் சபை. 2023 மார்ச் 9-இல் நடக்க வேண்டிய தேர்தலுக்குக் காசில்லை என்றார் அப்போதைய ஜனாதிபதி ரணில். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அந்த இரண்டு வருடத்தில் எங்கள் பக்கம் குப்பை வண்டி நேரத்துக்கு வந்ததாகவும், சோலைவரி கட்டப் போனால் வேலை கெதியில் முடிந்ததாகவும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பொய்யும் இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கை மதகு உடைந்தபோது நான் கடிதம் கொடுத்தேன், பதிவேட்டில் இலக்கம் போட்டார்கள், முடிந்தது கதை. திட்டுவதற்கு ஒரு ஆள் இல்லை. உத்தியோகத்தர் இடமாற்றம் எடுத்துப் போய்விடுவார். வட்டார உறுப்பினர் போக முடியாது, நாளைக்கும் அதே சந்தியில் நிற்க வேண்டும். எவ்வளவு கூத்தடித்தாலும் எனக்குத் தெரிவு செய்த சபை வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மலையகத்தை இந்த இடத்தில் சொல்லாமல் விடக் கூடாது. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேல் சனம் இருந்தது; ஒரு சபைக்கு அது எந்த நியாயம்? 2018 தேர்தலுக்கு முன்புதான் அவற்றை உடைத்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதுச் சபைகள் வந்தன. அதைவிட மோசம் 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு. தோட்டக் காணி கம்பனிக்குரியது, அதற்குள் சபை நிதி போகாது என்று இருந்தது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறவர் வாக்குப் போடுவார், உறுப்பினராகவும் வருவார், தன் லயத்து வாசல் பாதைக்கு ஒரு லோட் கல் போட முடியாமல் இருந்தது. 2018-இல்தான் அதைத் திருத்தினார்கள். முப்பது வருடம்! அந்த மக்களுக்கு இது இரண்டாவது உண்மையான உள்ளூராட்சித் தேர்தல். சேவலா (இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்) திசைகாட்டியா என்ற சண்டையில் இந்தக் கதையை ஒருவரும் பேசவில்லை.

கல்முனையில் தேர்தலே நடக்கவில்லை, வழக்கு. சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை என்று 2020-இல் வர்த்தமானி போட்டுச் சில நாளில் பின்வாங்கிய கதையெல்லாம் தனிப் பதிவுக்குரியது.

பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டத்தைப் பற்றியும் ஒரு வரி. ஒதுக்கீடு நல்லது. ஆனால் ஓரிரு ஆசனம் எடுக்கிற சின்னக் கட்சிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சபை எவ்வளவுக்குச் சிதறுகிறதோ அவ்வளவுக்குப் பெண்கள் குறைவார்கள். மதிவதனி முதல்வரானதைப் பாராட்டிப் படம் போட்ட கட்சிகள், தங்கள் வட்டார வேட்பாளர்களில் எத்தனை பெண்கள் என்று சொன்னால் நல்லது. யாழ்ப்பாணத்துக்குப் பெண் முதல்வர் புதிதும் இல்லை. 1998-இல் சரோஜினி யோகேஸ்வரன் அந்தக் கதிரையில் இருந்தவர், சில மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதை நினைவுபடுத்திய வாழ்த்துப் பதிவு ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

அரசாங்கத்திடம் கேட்க ஒன்று இருக்கிறது. வடக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது 2018 அக்டோபரில், கிழக்கினது 2017-இல். ஆளுநர்தான் இன்னும் ஆள்கிறார். பிரதேச சபைக்குத் தேர்தல் வைத்துவிட்டு மாகாண சபையைத் தொடாமல் விடுவதற்கு ஒவ்வொரு அரசாங்கமும் எல்லை நிர்ணயம், சட்டச் சிக்கல் என்று ஒரே சாட்டைத்தான் கைமாற்றிக் கொள்கிறது. பாராளுமன்றத்தில் 159 பேர் வைத்திருக்கிறீர்கள். மூன்றில் இரண்டுக்கும் மேல். சட்டத்தைத் திருத்த ஒரு வெள்ளிக்கிழமை போதும்.

தமிழ்க் கட்சிகளிடம் கேட்பது இன்னும் சின்னது. மார்கழியில் பாதீடு வரும். அதற்கு முன்பே, கார்த்திகை மழைக்குள், எந்த வட்டாரத்துக்கு எந்த வாய்க்கால், எந்த மதகு, சந்தைக் குத்தகைக் காசு எங்கே போகிறது என்று பட்டியலைச் சபை வாசலில் ஒட்டுங்கள். அதற்கு எதிராகக் கை தூக்குகிறவர் வீடா சைக்கிளா திசைகாட்டியா என்று நாங்கள் கலரியில் இருந்து பார்த்துக்கொள்கிறோம். மாமியையும் கூட்டிக்கொண்டு வருவேன், அவருக்குப் பகலில் வேலை இல்லை.