சுண்டுவிரல் என்றால் அலட்சியமா?

துண்டான விரலைப் பொருத்திக்கொள்ள மறுக்கும் தொழிலாளியை அலட்சியக்காரர் என்று சொல்லும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். துண்டான விரலை மீண்டும் பொருத்திக்கொள்வதில் ஜப்பானியர் காட்டும் அக்கறை அமெரிக்கரிடம் குறைவு என்றும், 1965ஆம் ஆண்டிலேயே ஜப்பானிய அறுவை மருத்துவர்களான கொமாட்சுவும் தமாயும் கட்டைவிரலைப் பொருத்திக் காட்டியதே அதற்குக் காரணம் என்றும் கட்டுரையாளர் எழுதியுள்ளார். அது மட்டும் போதாது. யாகூசா எனப்படும் ஜப்பானியக் குற்றக் கும்பல்களில் தவறு செய்தவர் சுண்டுவிரல் நுனியை வெட்டிக்கொடுக்கும் வழக்கம் இருந்ததால், விரல் குறைந்தவரை ஐயத்தோடு பார்க்கும் மனநிலையும் அங்கே உண்டு.

எங்கள் குமரி மாவட்டத்தில் அந்தக் களங்கம் இல்லை. மார்த்தாண்டம் பக்கம் மர அறுவை மில்லில் என் மைத்துனருக்குச் சுண்டுவிரல் துண்டானபோது, “பெருவிரல் தப்பியதே” என்றுதான் உறவினர்கள் ஆறுதல் கூறினார்கள். பிறகு ஒருவர் விரலைத் தேடி எடுத்து, மீனுக்குப் போடுவதுபோல ஐஸில் நேரடியாகப் புதைத்துக் கொண்டுவந்தார். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸின் மேல் வைக்க வேண்டும். நேரடியாகப் பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். ரப்பர் ஷீட் அடிக்கும் உருளையில் நசுங்கிய விரலுக்கோ, இரத்தக்குழாய்கள் நைந்துபோவதால், வாய்ப்பு இன்னும் குறைவு.

பொருத்திய விரல் விறைத்து நிற்கலாம், பல மாதம் கூலியும் போகும் என்று கணக்கிட்டு, “தைத்து மூடிவிடுங்கள்” என்று சொல்லும் தொழிலாளியை அலட்சியக்காரர் என்று கட்டுரை குறிப்பிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை.